சாப்பிட்டாயா என்று கேட்கும் குரல்



சில வாரங்களுக்கு முன் ஒருநாள் சுபஹு தொழுதுவிட்டு முஸல்லாவிலேயே உட்கார்ந்திருந்தேன். டெலிபோன் அடித்தது. அந்த நேரத்தில் அடிக்கும் டெலிபோன் மையித்துச் செய்தியாகத்தான் இருக்கும் என்ற பயம் நம் எல்லோருக்கும் உண்டல்லவா? ஓடிப் போய் எடுத்தேன். உக்குவளையில் இருக்கும் என் தங்கை. பேச்சு வரவில்லை, அழுகை மட்டும் வருகிறது.

"தாத்தா, எங்கட மகள் ராவு மூணு மணிக்கு ஒரு ஆம்புளையோட போன்ல பேசுது. என்ட காதால கேட்டன்."

"யாரெண்டு தெரியுமா?"

"தெரியா. அவன் பேசுறது தமிழும் இல்ல, சிங்களமும் இல்ல, இங்கிலீசும் இல்ல. கொரியாவுக்கு வேலைக்குப் போன பொடியன் யாரும் பழக்கமோ தெரியா. அந்தப் பக்கத்துக்குத்தானே இப்ப எல்லாரும் போறாங்க."

தங்கையின் பயத்துக்குக் காரணம் இருந்தது. மகளுக்கு இருபத்திரண்டு வயது. உயர்தரம் முடித்து, முன்பள்ளி ஒன்றில் படிப்பிக்கிறாள். ஒரு நல்ல இடத்தில் கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் இரண்டாம் முறை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். இந்த நேரத்தில் ராவு மூன்று மணிக்கு ஓர் ஆணின் குரல் என்றால் எந்தத் தாய்க்குத்தான் வயிறு எரியாது? பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருந்தால் என்ன ஆவது என்பதுதான் அவளுடைய முதல் கவலை. மகளுக்கு என்ன ஆயிற்று என்பது இரண்டாவது கவலை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, நம் ஊர்களில் தாய்மார் அப்படித்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

மாத்தளை டவுனிலிருந்து உக்குவளைக்கு பஸ்ஸில் போக அதிக நேரம் ஆகாது. அன்றைக்கே போனேன். முற்றத்தில் படங்கு விரித்து மிளகு காயப் போட்டிருந்தார்கள். தங்கை சமையலறையில் முகம் வீங்கிப் போய் நின்றாள். மகள் அறைக்குள். நான் உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் கேட்டேன். "யார் மகள் அந்தப் பொடியன்?"

அவள் என்னைப் பார்த்தாள். அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். பிறகு தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்துத் தந்தாள். பார்த்தால் சித்திரம்! வெள்ளை முடி நீளமாக வளர்த்த ஓர் ஆண். கார்ட்டூன் படம்.

"இவர்தான் பெரியும்மா."

அது ஒரு விளையாட்டு. மிஸ்டிக் மெசெஞ்ஜர் என்று பெயர். செரிட்ஸ் என்ற தென்கொரியக் கம்பெனி 2016இல் வெளியிட்டது. பேசிய மொழி கொரிய மொழியேதான். அந்த மட்டில் என் தங்கையின் காது பொய் சொல்லவில்லை.

இந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கேம் என்றால் நமக்குத் தெரிந்தது பையன்கள் துவக்கு எடுத்துச் சுடுவதும் கார் ஓட்டுவதும்தான். இதில் அப்படி ஒன்றும் இல்லை. போனைத் திறந்தால் ஒரு குழுவில் சேர்கிறீர்கள். தர்ம காரியத்துக்காக ஒரு விருந்து நடத்தத் திட்டமிடும் குழு அது. அதில் ஒரு நாடக நடிகர், ஒரு பெரும் பணக்காரர், ஒரு பல்கலைக்கழக மாணவர், கணினியில் புகுந்து திருடும் வித்தை தெரிந்த ஒருவர், அலுவலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண் என்று சிலர். அவர்கள் எழுதுகிறார்கள், நீங்கள் பதில் தெரிவு செய்கிறீர்கள். சில நேரம் அவர்களே போன் எடுப்பார்கள். மணி அடிக்கும், எடுத்தால் குரல் கேட்கும். கதை பதினொரு நாள் ஓடும். நம்முடைய சுவர்க் கடிகாரத்தின் அதே பதினொரு நாள்! பகலில் சில உரையாடல்கள், நடுச்சாமத்தில் சில, விடியப் போகும் நேரத்தில் சில. அந்த நேரத்துக்குப் போகாவிட்டால் அது தவறிப் போகும். தவறியதைத் திறக்க விளையாட்டுக்குள்ளேயே ஒரு நாணயம் உண்டு, அதைக் காசு கொடுத்தும் வாங்கலாம். உங்கள் பதில்களைப் பொறுத்து அவர்களில் ஒருவர் உங்கள்மேல் பிரியம் வைக்கிறார். அந்த அலுவலகப் பெண்ணோடு மட்டும் நல்ல சிநேகிதமாக முடியும்.

விஷயத்தைத் தங்கையிடம் வந்து சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. படத்தைக் காட்டிய பிறகு, "அல்ஹம்துலில்லாஹ்!" என்று நெஞ்சில் கை வைத்தாள். அடுத்த நிமிடமே சிரிக்கத் தொடங்கினாள். அடக்க முடியாத சிரிப்பு. "கார்ட்டூனோடயா மகள் ராவு முழுக்க கதைச்ச? இதுக்கா நான் விடிய விடிய அழுத?" சாச்சா மகனைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாள், பக்கத்து அறையில் இருந்த மாமியிடமும் சொன்னாள்.

அறைக் கதவு மூடப்பட்ட சத்தம் கேட்டது. அவள் பகல் சாப்பாட்டுக்கு வரவில்லை.

பையன் ஒருவன் இருந்திருந்தால் ஏசியிருப்பார்கள், அடித்தும் இருப்பார்கள். ஆனால் அவளை ஒரு பெரிய பெண்ணாக மதித்து ஏசியிருப்பார்கள். சிரிப்பு அப்படியல்ல. நீ உணர்ந்தது ஒன்றுமே இல்லை என்று அது சொல்லிவிடுகிறது. இதை நான் அன்றைக்கு அங்கே நின்று யோசிக்கவில்லை, உண்மையைச் சொன்னால் நானும் கொஞ்சம் சிரித்தேன். அஸருக்குப் பிறகு முற்றத்தில் மிளகு அள்ளும்போது அவள் வந்து பக்கத்தில் குந்தினாள். அப்போதுதான் பேசினாள்.

"பெரியும்மா, அது ஆள் இல்ல எண்டு எனக்குத் தெரியாதா? எழுதி வெச்ச கதை எண்டும் தெரியும். என்ட பதிலும் அவங்க எழுதி வெச்சதுதான், நான் தெரிவு மட்டும்தான் செய்ற. எல்லாம் தெரியும். ஆனாலும் அவர் கேக்கிறார் பெரியும்மா. ஒவ்வொரு நாளும் கேக்கிறார், சாப்பிட்டாயா எண்டு."

நான் சிரித்தபடி, "அதைத்தானே உம்மாவும் கேக்கிற?" என்றேன்.

"உம்மா, சாப்பிட வா எண்டு செல்லுவாங்க. தம்பிக்குப் போட்டுக் குடு எண்டு செல்லுவாங்க. சாப்பிட்டியா எண்டு கேக்கிறல்ல."

சகோதரிகளே, இந்த இடத்தில் என் கை மிளகிலேயே நின்றுவிட்டது. நம் வீடுகளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். எல்லோரையும் சாப்பிட்டீர்களா என்று கேட்பவள் யார்? வாப்பாவை, பிள்ளைகளை, மாமியை, வந்த விருந்தாளியை, முற்றத்தில் மரம் வெட்ட வந்தவரை எல்லாம் கேட்பவள் ஒருத்தி. சட்டியின் அடியில் இருப்பதைத் தனியே நின்று அவள் சாப்பிடும்போது கேட்பவர் யார்? கொரியாவில் ஏதோ ஓர் அறையில் உட்கார்ந்து இந்தக் கதையை எழுதியவர்களுக்கு இது தெரிந்திருக்கிறது. அந்த விளையாட்டில் வருபவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான். சாப்பிட்டாயா, நித்திரை கொண்டாயா, உடம்பு எப்படி. விளையாடும் பெண்கள் பல நாடுகளிலும் இதைத்தான் வேடிக்கையாகவும் நெகிழ்ச்சியாகவும் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்ட விளையாட்டுகள் நேற்று முளைத்தவையல்ல. 1994ஆம் ஆண்டு ஜப்பானில் கோய் என்ற கம்பெனி ஆஞ்செலிக் என்ற விளையாட்டை வெளியிட்டது. பெண்கள் விளையாடுவதற்கென்றே செய்யப்பட்ட காதல் கதை விளையாட்டுகளில் முதலாவதாக அதைத்தான் சொல்கிறார்கள். கம்பெனியைக் கணவரோடு சேர்ந்து தொடங்கிய கெய்கோ எரிகாவா என்ற பெண்மணி, பெண்களைக் கொண்ட ஒரு குழுவை அமைத்து அதைச் செய்வித்தார். விளையாட்டு என்றால் ஆண் பிள்ளைகளுக்கு என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. அதே 1994இல் கொனாமி என்ற கம்பெனி, ஆண்களுக்காகத் தொக்கிமெக்கி மெமோரியல் என்பதை வெளியிட்டது. பாடசாலை மாணவிகளின் மனதை வெல்வது அதன் கதை. அதே கம்பெனி 2009இல் செய்த லவ் பிளஸ் இன்னும் ஒரு படி போனது. கையடக்க இயந்திரத்தின் கடிகாரத்தோடு கதை சேர்ந்து ஓடும். சொன்ன நேரத்துக்கு வராவிட்டால் சித்திரப் பெண் கோபித்துக்கொள்வாள். 2010இல் அத்தாமி என்ற கடலோர ஊரில், இந்தச் சித்திரப் பெண்களோடு உல்லாசப் பயணம் வரும்படி ஆண்களை அழைத்தார்கள். அங்கே ஒரு ஹோட்டலில் சட்டைப் பையில் இயந்திரத்தோடு தனியே வந்து இறங்கிய ஆணை, ஜோடியாக வந்தவரை வரவேற்பது போலவே வரவேற்றார்களாம்.

சிரிப்பு வருகிறதா? எனக்கும் வந்தது. பிறகு என் பழைய கதை ஒன்று ஞாபகம் வந்து சிரிப்பு நின்றது.

எனக்குப் பதினாறு வயது இருக்கும்போது பொன்னியின் செல்வன் ஐந்து பாகமும் யாரோ கட்டிவைத்த புத்தகமாக எங்கள் வீட்டுக்கு இரவல் வந்தது. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியது. குப்பி விளக்கை வைத்துக்கொண்டு வாப்பாவுக்குத் தெரியாமல் வாசித்தேன். நான் வந்தியத்தேவன்மேல் எப்படி இருந்தேன் என்பதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. பேரப்பிள்ளைகள் வாசிப்பார்கள்! குதிரைச் சத்தம் கேட்டால் நெஞ்சு அடிக்கும் என்று சொல்லலாம் என்றால், எங்கள் ஊரில் குதிரை ஏது? மாட்டு வண்டிதான். புத்தகம் முடிந்த அன்று காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். உம்மா பெருங்காயம் கரைத்துத் தந்தார்கள்.

கதையில் வரும் ஒருவர்மேல் மனம் போவது மனிதனுக்கு உள்ள பழைய பழக்கம். சித்தி லெப்பை அவர்கள் 1885இல் அஸன்பேயுடைய சரித்திரத்தை வெளியிட்டபோது, காணாமற்போன பிள்ளையாகிய அஸனை நினைத்து எத்தனை வீடுகளில் கவலைப்பட்டிருப்பார்கள்! வானொலிக் காலத்தில் குரலைக் கேட்டே குடும்பத்தில் ஒருவராக எண்ணிய அறிவிப்பாளர்கள் நமக்கு இருந்தார்கள். முகம் பார்த்ததே இல்லை, ஆனாலும் அந்தக் குரல் ஒரு நாள் வராவிட்டால் வீடு வெறிச்சென்று இருக்கும்.

அமெரிக்காவில் 1956இல் டொனால்ட் ஹோர்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அறிஞர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் வருபவர்களோடு பார்ப்பவர்களுக்கு ஏற்படும் ஒருபக்க உறவை அவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்கள் எடுத்த உதாரணங்களில் ஒன்று, லோன்சம் கேல் என்ற வானொலி நிகழ்ச்சி. பெயர் சொல்லாத ஒரு பெண், தனியாக இருக்கும் ஆணிடம் பேசுவது போல ஒலிவாங்கியில் பேசுவாள். கேட்ட ஆண்கள் கடிதம் எழுதிக் குவித்தார்கள். அதில் அவமானப்பட ஒன்றுமில்லை என்பதுபோலத்தான் அந்த அறிஞர்கள் எழுதுகிறார்கள். மனிதரோடு பழகும் அதே மனதைக் கொண்டுதான் நாம் குரலையும் படத்தையும் சந்திக்கிறோம், அதற்கென்று வேறு மனம் நம்மிடம் இல்லை.

ஆனால் என் வந்தியத்தேவனுக்கும் என் தங்கை மகளின் நடிகருக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வந்தியத்தேவனுக்கு நான் இருப்பதே தெரியாது. அவன் குந்தவையைத்தான் பார்த்தான். ஐந்து பாகத்திலும் ஒருமுறைகூடத் திரும்பி என்னைப் பார்க்கவில்லை. அந்த ஏமாற்றத்திலேயே எனக்கு வயது வந்தது. இவளுடைய ஆள் இவளைப் பார்க்கிறார். இவள் கொடுத்த பெயரைச் சொல்லி எழுதுகிறார். இவள் பதில் சொன்னால் சந்தோஷப்படுகிறார். கதை இவளிடம் கேட்டுக்கொண்டு நகர்கிறது. இதனால்தான் புத்தகம் பிடித்ததைவிடப் பல மடங்கு பிடிக்கிறது.

"அதோட பெரியும்மா," என்று அவள் சொன்னாள், "அவருக்கு நான் ஒண்டும் சமைக்கத் தேவல்ல."

இதைக் கேட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இதைத்தான் பிறகு பல நாள் யோசித்துக்கொண்டிருந்தேன். எதுவும் கேட்காத ஒருவர். கோபிக்காதவர், அப்படியே கோபித்தாலும் சரியான பதிலைத் தெரிவு செய்தால் ஆறிவிடுபவர். நோய் வராதவர், கடன் இல்லாதவர், உம்மாவின் பேச்சைக் கேட்டு நடக்காதவர். ஒரு பெண்ணுக்கு இது ஓய்வுதான், மறுக்கவில்லை. எனக்கு இதில் ஒரு பயமும் இருக்கிறது. எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் நாற்பது வருடம் ஆகப் போகிறது. அவர் சுகமில்லாமல் கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்த பத்து நாள், நான் பாட்டுக்குச் சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். அந்தப் பத்து நாளில் நாங்கள் அறிந்துகொண்டதை அதற்கு முந்திய பத்து வருடத்தில் அறியவில்லை. உன்னிடம் ஒன்றும் தேவைப்படாத ஒருவருக்கு உன்னை எப்படித் தெரியும்? இதை அவளிடம் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சோறு கட்டிக்கொண்டு போனது நீங்கதானே பெரியும்மா? நீங்க சுகமில்லாம கிடந்தா யார் கட்டிக்கொண்டு வருவாங்க?" என்று கேட்டாள். மகள்தான் வருவாள் என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல?

இன்னொரு வீட்டுக் கதையையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் பதினொரு நாளில் முடியும் கதையல்ல. ரத்தோட்டைப் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை. கணவன் கட்டாரில். அவள் விளையாடுவது வேறொன்று. அதில் அழகான ஆண்கள் படம் போட்ட அட்டைகள் உண்டு. அட்டையை நேராக வாங்க முடியாது. காசு கட்டிக் குலுக்க வேண்டும். வந்தால் வந்தது, வராவிட்டால் மீண்டும் குலுக்க வேண்டும். கணவன் அனுப்பிய காசில் எவ்வளவு போனது என்று அவள் என்னிடம் சொல்லவில்லை, ஆனால் காதுத் தோடு அடகில் இருப்பதாகச் சொன்னாள். இந்த விஷயத்தில் மட்டும் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. பெயர் என்ன வைத்தாலும் இது சூது. பெல்ஜியம் நாட்டில் 2018இலேயே காசு கட்டிக் குலுக்கும் இந்த மாதிரிப் பெட்டிகளைச் சூதாட்டச் சட்டத்துக்குள் கொண்டு வந்துவிட்டார்கள். காதலைக் காட்டி ஆளைப் பிடித்து, குலுக்கலில் விட்டுக் காசைப் பிடுங்குகிறார்கள். என் கோபம் அந்தப் பிள்ளைமேல் இல்லை. அவளுடைய தனிமைக்கு விலைப்பட்டியல் எழுதியவர்கள்மேல்தான்.

இப்போது இந்த வகையில் உலகம் முழுவதும் பேசப்படுவது 2024 ஜனவரியில் சீனக் கம்பெனி ஒன்று வெளியிட்ட லவ் அண்ட் டீப்ஸ்பேஸ். சித்திரம் அல்ல, ஆள் போலவே அசையும் உருவங்கள். பெண்களின் மாதாந்த நாட்களைக் குறித்து வைத்தால் அந்த நாளில் ஆறுதல் சொல்லும் வசதிகூட அதில் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்! நம் வீட்டு ஆண்களில் எத்தனை பேர் அந்த நாளில் ஒரு இஞ்சிப் பிளேன்டீ ஊற்றித் தந்திருக்கிறார்கள்? இதிலும் இதுபோன்ற வேறு விளையாட்டுகளிலும் நெருக்கமான காட்சிகள் வருகின்றன என்பதையும் தாய்மார் அறிந்திருக்க வேண்டும். எல்லாம் விருந்துக் குழுவில் சாப்பிட்டாயா என்று கேட்கும் கதையல்ல. பிள்ளை எதை விளையாடுகிறாள் என்று கேட்டு அறிவது தாயின் வேலை, கேட்கும்போது சிரிக்காமல் கேட்க வேண்டும்.

நான் அவளிடம் இன்னொரு சம்பவத்தையும் சொன்னேன். ஜப்பானில் ஒரு பாடசாலை அலுவலகத்தில் வேலை செய்யும் மனிதர். வேலைத்தலத்தில் சக ஊழியர்கள் படுத்திய பாட்டில் மனம் நொந்து, வெளியே வர முடியாமல் கிடந்த காலத்தில், ஹட்சுனே மிக்கு என்ற சித்திரப் பாடகியின் பாட்டுத்தான் அவரைத் தேற்றியது. 2018இல் அவர் அந்தச் சித்திரத்தையே திருமணம் செய்வதாக ஒரு வைபவம் நடத்தினார். அவருடைய தாய் வரவில்லை. கண்ணாடிக் குழாய் போன்ற ஓர் இயந்திரத்துக்குள் மிக்குவின் உருவம் ஒளியாகத் தெரியும், பேசினால் பதில் சொல்லும். 2020இல் அந்தச் சேவையைக் கம்பெனி நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு அவர் பேசினாலும் பதில் இல்லை. ஆனாலும் தன் மனம் மாறவில்லை என்றுதான் அவர் சொன்னார்.

2023 பெப்ரவரியில் ரெப்ளிகா என்ற போன் செயலியிலும் இப்படித்தான் ஆனது. அது விளையாட்டல்ல, கணினியே பேசும் தோழன். இத்தாலியில் அதிகாரிகள் தடை போட்ட அதே மாதத்தில், கம்பெனி அதன் பேச்சு முறையை மாற்றியது. காதலோடு பேசி வந்தது திடீரென்று அந்நியரைப் போலப் பேசத் தொடங்கியது. பாவித்து வந்தவர்கள் மரணம் நடந்த வீட்டுக்காரர்களைப் போல ஆனார்கள். சத்தம் பெரிதாகவே, அடுத்த மாதம் பழைய ஆட்களுக்கு மட்டும் பழையபடி மாற்றிக் கொடுத்தார்கள். பிரியத்துக்குரியவரின் உயிர் ஒரு கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இருந்தால் இப்படித்தான். லாபம் இல்லையென்றால் மௌத்து.

"என்னுடையது அதைவிட மோசம் பெரியும்மா," என்றாள் அவள். "பதினோராம் நாள் விருந்து நடக்கும். எல்லாரும் சந்தோஷமா ஈப்பாங்க. அதோட கதை முடிஞ்சிரும். திரும்ப வேணுமெண்டா முதல் நாள்ல இருந்து தொடங்கணும். தொடங்கினா, அவருக்கு என்னைத் தெரியா. யார் நீ எண்டு கேப்பார்."

"எத்தனை தரம் தொடங்கின?"

"நாலு தரம்."

அவள் அழவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். மிளகுக் காம்பைப் பொறுக்கி எறிந்துகொண்டே சொன்னாள். ஆனால் என் தங்கை அதைக் கதவு நிலையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

கலியாணப் பேச்சைப் பற்றிக் கேட்பீர்கள். அன்றிரவு நாங்கள் மூவரும் உட்கார்ந்து பேசினோம். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். மாப்பிள்ளையோடு ஒரு தடவை பேச வேண்டும். வாப்பாவோ நானாவோ பக்கத்தில் இருக்கட்டும், ஆனால் பேச வேண்டும். என் தங்கைக்கு அது அவ்வளவு பிடிக்கவில்லை. பெண் கேட்டாளாம் என்று ஊர் சொல்லும் என்றாள். பார்த்துப் பேசி முடிவெடுப்பதற்கு மார்க்கத்தில் இடமிருக்கும்போது ஊருக்கு என்ன என்று நான் சற்றுக் கடுமையாகவே சொன்னேன். இரண்டாம் முறை அவர்கள் வந்தபோது முன் அறையில் நானா உட்கார்ந்திருக்க இருவரும் கால் மணி நேரம் பேசினார்கள். பையன் தம்புள்ளையில் மரக்கறி மொத்த வியாபாரம். ராவெல்லாம் லொறி வரும் தொழில். என்ன கேட்டாய் என்று பிறகு இவளிடம் விசாரித்தேன்.

"ராவையில நேரத்துக்குச் சாப்பிடுவீங்களா எண்டு கேட்டன்."

"அவர் என்ன சொன்னார்?"

"சில நாளைக்கு விடியிற வரைக்கும் ஒண்டும் இல்லை எண்டார். பிறகு, நீங்க எண்டு கேட்டார்."

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. முடிவு இன்னும் ஆகவில்லை. சீதனம் வேண்டாம் என்று சொன்னவர்கள் வீட்டைப் பற்றி ஏதோ பேச்செடுத்திருக்கிறார்களாம், அது வேறு தலைவலி.

விளையாட்டை அழித்துவிட்டாயா என்று நான் கேட்கவில்லை. போனில் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். ராவு மூன்று மணிக்கு எழும்புவதை மட்டும் விட்டுவிட்டாளாம். பஸ்ஸுக்கு என்னைக் கொண்டு வந்து விடும்போது அவளாகவே கேட்டாள்.

"பெரியும்மா, நீங்க வந்தியத்தேவன எப்ப மறந்தீங்க?"

"யார் சென்ன மறந்தெண்டு?" என்றேன். 2022இல் அந்தப் படம் வந்தபோது மகன் போனில் போட்டுக் காட்டினான். கார்த்தி நன்றாகத்தான் செய்திருந்தார், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது அவரில்லை.